ஐடி வேலை போன பிறகு: சிங்கப்பூரில் எந்தத் திட்டம் யாருக்கு?

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த வாரத்தில் நாற்பதைத் தாண்டிய ஐடிக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 4,000 வெள்ளி இருக்கிறதே, என்ன கோர்ஸ் எடுக்கலாம்?" (ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்பது அரசின் திறன் பயிற்சித் திட்டம்; 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குக் கோர்ஸ் கட்டணத்துக்காக அதில் வைத்திருக்கும் தொகைதான் இந்த 4,000.) பத்துப் பதினைந்து வருடம் ஆரக்கிள் ஃபார்ம்ஸ், விஷுவல் பேசிக், மெயின்ஃப்ரேம் என்று பழைய தொழில்நுட்பத்தில் ஒரே சிஸ்டத்தைக் கட்டிக் காத்தவருக்கு இந்த அவசரம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த 4,000 வெள்ளிக்குக் காலாவதித் தேதி கிடையாது. அது அங்கேயே இருக்கும். கெடு உள்ள விஷயங்கள் வேறு, அவற்றை முதலில் பார்ப்போம்.

வேலையை விட்டு வரும்போது "ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரெஸ்யூமேவில் பார்க்க நன்றாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வேலை தேடுவோருக்கான உதவித்தொகை, தானாக விலகியவருக்குக் கிடையாது. கடிதத்தில் ஆட்குறைப்பு என்ற காரணம் தெளிவாக இருக்கட்டும். குறைந்தது 10 பேர் வேலை பார்க்கும் நிறுவனம், ஒருவரை ஆட்குறைப்புச் செய்தாலும், அவருக்குத் தெரிவித்த 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இழப்பீடு பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, சட்டமே இவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறது என்று. அப்படி இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர் கேட்கலாம். வழக்கத்தில் இருப்பது ஓர் ஆண்டு சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. ஆனால் கையில் எவ்வளவு வரும் என்பதை உங்கள் ஒப்பந்தமும் பேச்சுவார்த்தையும்தான் தீர்மானிக்கும். ஆகவே வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். ஒப்பந்தப்படி வரவேண்டியது வரவில்லை என்றால், கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் டிஏடிஎம் என்ற, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் முத்தரப்பு அமைப்பிடம் கோரிக்கை வைக்க வேண்டும். வேலை இழப்புக்காகத் தரும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை, அதிலிருந்து மசேநிதியும் (மத்திய சேமநிதி) பிடிக்க மாட்டார்கள். நோட்டீஸுக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கு வரி உண்டு.

சரி, அடுத்து மாதாந்திரச் செலவு. 2025 ஏப்ரலில் வந்தது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி. முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதமும் 750 வெள்ளி என்று இறங்கிக்கொண்டே போகும். சும்மா வராது. விண்ணப்பம் அனுப்புவது, வேலை ஆலோசகரைப் பார்ப்பது, பயிற்சிக்குப் போவது என்று ஒவ்வொரு மாதமும் 10 புள்ளி சேர்க்க வேண்டும். ஐடிக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக் கூடாது. டெஸ்க்டாப் சப்போர்ட், ஹெல்ப்டெஸ்க் வேலையில் இருந்தவர்கள் இதற்குள் வரலாம். பதினைந்து வருட அனுபவமுள்ள சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் பெரும்பாலும் வர மாட்டார். அவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

அவருக்குப் பொருந்துவது பயிற்சிக்கால உதவித்தொகை. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், தகுதியுள்ள முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால், அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதியை மாதாமாதம் தருவார்கள். உச்சவரம்பு 3,000 வெள்ளி. 4,800 வாங்கியவருக்கு 2,400 கிடைக்கும். 7,000 வாங்கியவருக்குக் கணக்குப்படி 3,500 என்றாலும் 3,000தான். வாழ்நாளில் மொத்தம் 24 மாதம் வரை இதைப் பயன்படுத்தலாம். 2026 முதல் பகுதிநேரப் பயிற்சிக்கும் மாதம் 300 வெள்ளி என்று விரித்திருக்கிறார்கள். அது சோற்றுக்கு ஆகாது, எம்ஆர்டி காசுக்கு ஆகும்.

கோர்ஸ் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தின் கீழ் வரும் பயிற்சிகளைப் பாருங்கள். 3 முதல் 12 மாதம். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. மீதிக்கு அந்த 4,000 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம்: 2024 மே மாதம் வந்த அந்த 4,000, தேர்ந்தெடுத்த கோர்ஸ்களுக்கு மட்டும்தான் செல்லும். 2016-இல் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குத் தந்த 500 வெள்ளி போல, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அங்கீகரித்த எந்தக் கோர்ஸுக்கு வேண்டுமானாலும் செலவழிக்க முடியாது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இன்னொரு திட்டம். ஊழியரணி சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு நடத்தும் தொழில்மாற்றுத் திட்டம், சிசிபி என்பார்கள். பெயரைக் கேட்டால் முன்னே சொன்ன வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டமும் இதுவும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் அமைப்பு நேர் எதிர். அங்கே முதலில் படிப்பு, பிறகு வேலை தேடல். இங்கே முதலில் வேலை. நிறுவனம் உங்களை எடுத்துக்கொண்டு, சம்பளமும் கொடுத்து, புதிய வேலைக்குப் பழக்கும். அந்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்குள், பயிற்சிக் காலத்தில் அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தரும். உங்களுக்கு 40 வயதாகியிருந்தாலோ ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தாலோ அது 90 விழுக்காடு வரை ஏறும். அதாவது, எந்த வயதைச் சொல்லத் தயங்குகிறீர்களோ, அந்த வயதாலேயே உங்களை எடுப்பது நிறுவனத்துக்கு மலிவாகிறது. நேர்முகத்தில் இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம், தப்பில்லை. சின்ன நிறுவனங்களில் மனிதவளப் பொறுப்பில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

ஒரு நிபந்தனை முக்கியம். இது தொழில் மாறுபவருக்கு. பழைய வேலையையே வேறு கூரைக்குக் கீழ் செய்யப் போனால் பொருந்தாது. வங்கியில் இரவு பேட்ச் ஜாப்களை (கணினியில் மொத்தமாக ஓடும் வேலைகளை) பார்த்துக்கொண்டிருந்தவர் டேட்டா எஞ்சினியராகவோ, கிளவுட் பக்கமோ போகிறார் என்றால் பொருந்த வாய்ப்புண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது உண்டு.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பயிற்சி, உதவித்தொகைத் திட்டங்கள் எதுவும் இல்லை. பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதிதான். அதற்குள் வேறு நிறுவனம் பாஸுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஆனால் ஒப்பந்தப்படியான இழப்பீட்டைக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. ஊருக்கு டிக்கெட் போடும் பதற்றத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம், என்ன கோர்ஸ்? மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் துறையில், அதாவது நீங்கள் இருந்த வங்கி, காப்புறுதி, கப்பல் சரக்கு போன்ற துறையில், ஐம்பது விளம்பரத்தை எடுத்து வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் குறியுங்கள். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் பெரும்பாலும் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். பைத்தான் (நிரல் மொழி), ஏடபிள்யூஎஸ் அல்லது அஸூர் (கிளவுட் சேவைகள்), சிஐசிடி (மென்பொருளைத் தானாகச் சோதித்து வெளியிடும் முறை) என்று மூன்று நான்கு புதியவை வரும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊழியரணி சிங்கப்பூரின் கேரியர்ஸ் கனெக்ட் நிலையத்துக்கோ, தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியின் இ2ஐ என்ற வேலை உதவி நிலையத்துக்கோ போய் ஆலோசகர் முன் உட்காருங்கள், சிசிபியில் எந்த வேலைகள் திறந்திருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். அது அமையவில்லை என்றால்தான் கோர்ஸ் பட்டியல். அப்போதும் தாளில் அதிகம் கோடு விழுந்த சொல் எதுவோ, அதைக் கற்றுத் தரும் கோர்ஸைத்தான் கேளுங்கள்.