ஓவன் சுட்டது வெறும் கூட்டைத்தான்

உணவுப் பாதுகாப்பு வகுப்புகளில், வீட்டில் பேஸ்ட்ரி செய்பவர்கள் என்னை மடக்குவதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். “200 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த பண்டத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும்?”

பிழைக்காதுதான். ஆனால் பேஸ்ட்ரியின் வெளிக்கூடு ஆறியபின் அதன் வயிற்றில் அடைக்கும் கஸ்டர்ட் பூரணம் ஓவனுக்குள் போகவே இல்லையே! அதற்குக் கிடைத்ததெல்லாம் நம் கையும் கரண்டியும், பூரணத்தைப் பிதுக்கி நிரப்பும் பைப்பிங் பையும்தான்.

ஜாம் வைத்துச் சுடும் வகைகளில் எனக்குக் கவலை குறைவு. அதிலுள்ள ஈரத்தைக் கிருமிக்கு விடாமல் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்கிறது. அங்கே அஞ்ச வேண்டியது சூட்டுக்கு. கையில் எடுத்தால் ஆறியதுபோல் தெரியும். உள்ளே ஜாம் நாக்கைப் பொசுக்கக் காத்திருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்.

கஸ்டர்ட் அப்படியல்ல. பால், முட்டை, தாராளமான ஈரம், புளிப்பே கிடையாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. விரலில் சீழ் பிடித்த சிறு புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். கதகதப்பான கஸ்டர்டில் விழுந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. 1930இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஜி. எம். டாக் குழுவினர், பலரை நோயில் தள்ளிய கிரீம் கேக் ஒன்றிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். அது வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை வடிகட்டி நீக்கியபின் குடித்த தன்னார்வலர்களுக்கும் நோய் வந்தது; நோய்க்குக் காரணம் நஞ்சுதான். சாப்பிட்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். கைக்குழந்தைகளும் முதியவர்களும் நீரிழப்பில் துவண்டுபோகலாம்.

வகுப்பில் நான் செய்துகாட்டுவது ஒன்றுதான். ஒரே கஸ்டர்டில் பாதியைச் சமைத்த பாத்திரத்திலேயே விட்டுவிடுவேன். மீதியை அகலமான தட்டில் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்புவேன். இரண்டும் குளிர்பதனப் பெட்டிக்குள் போகும். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டு சில்லென்றிருக்கும்; பாத்திரத்தின் நடுவே வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். 5 முதல் 60 டிகிரி வரையிலான அந்த இடைவெளிதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தட்டில் பரப்பியதும் பிளாஸ்டிக் தாளை கஸ்டர்டின் மேலேயே படியும்படி ஒட்டிவிடுங்கள், ஆடை கட்டாது.

அதற்கு முன் அடுப்பில் ஒரு வேலை. சோள மாவு சேர்த்த கஸ்டர்ட் கெட்டியானதும் இறக்கிவிடாதீர்கள். குமிழி வெடிக்கத் தொடங்கியபின் இன்னும் ஒரு நிமிடம் விடாமல் கிளறுங்கள். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது அடங்காவிட்டால் இரவில் கெட்டியாக இருந்தது காலையில் நீர்த்துக் கிடக்கும். “கஸ்டர்ட் கெட்டுவிட்டது” என்று வரும் புகார்களில் பல இந்த ரகம்.

பச்சை மாவை ருசி பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். முட்டை சேர்க்காவிட்டாலும், வேகாத மாவிலேயே நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

விருந்துக்கு எடுத்துச் செல்வதானால் கூடுகளைத் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். கஸ்டர்டை பைப்பிங் பையோடு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பரிமாறும் நேரத்தில் அங்கேயே நிரப்புங்கள். கூடும் நமுத்துப்போகாது.