பிள்ளையைத் தேடிப் போகிற பஸ் காசு எந்தக் கணக்கில்?

நெல்லை மாவட்டத்து முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கம், பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் காம்பவுண்டு சுவர், கழிப்பறைக் கதவு, தண்ணீர் மோட்டார் என்றுதான் போகும். நீண்ட நாளாக வராத பிள்ளைகளைப் பற்றித் தீர்மான நோட்டில் ஒரே வரி: 'வீடு தேடிச் செல்வது என முடிவு செய்யப்பட்டது.' யார் போவது, என்றைக்குப் போவது, பஸ் காசு யார் கொடுப்பது? ஒன்றும் இருக்காது. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிற எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

பள்ளிக்குப் பணமே வருவதில்லை என்று சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை என்றால் 50,000 என்று மானியம் உண்டு. பத்து சதவீதம் சுகாதாரத்துக்குப் போக, மிச்சம் கரண்ட் பில், சாக்பீஸ், ரிப்பேர் என்று கரைந்துவிடும். பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் சேர்வது பற்றி மத்திய அரசோடு தகராறு வந்து 2024-25இல் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதும் சேர்ந்துகொண்டது.

என் குறை வேறு. இந்த மானியம் பதிவேட்டில் உள்ள தலைக்கணக்கைப் பார்த்து வருகிறது. பெயர் இருந்தால் போதும், பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்றதும் ஊரே திகைத்தது. அதில் பலர் பல மாதங்களாகப் பள்ளிப் பக்கமே வராதவர்கள். அதற்கப்புறம்தான் மேலாண்மைக் குழுக்களை வைத்துத் தேடச் சொன்னார்கள்.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பொங்கல் லீவுக்குப் பிறகு வரவில்லை. நாங்கள் போனபோது வாசல் திண்ணையில் கத்தரியோடு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா மடியில் முறத்தோடு. "இவ இலை வெட்டித் தந்தாத்தான் சார் எனக்கு ஆயிரம் பீடி தேறும்" என்றார். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லி அவரிடம் வாதாடவும் முடியாது.

வகுப்பாசிரியரும் நானும் படிப்பின் அருமையைப் பேசினோம். அது அந்த அம்மாவுக்கும் தெரியும். கூட வந்த குழு உறுப்பினர், அவரும் பீடி சுற்றுகிறவர், வேறு மாதிரி பேசினார். "பரீட்சை முடியுற வரைக்கும் எண்ணூறு பீடிக்கு இலை வாங்கிக்கக்கா, கடைக்காரர்ட்ட நான் சொல்லுதேன்" என்றார். சொன்னபடி பீடிக் கடையில் பேசியும் முடித்தார். இந்த யோசனை எங்கள் இரண்டு பேருக்கும் ஜென்மத்துக்கும் வந்திருக்காது. பள்ளியும் ஊரும் கைகோக்க வேண்டும் என்று நாங்கள் பயிற்சிகளில் சொல்கிறோமே, அது இதுதான்.

அப்புறம் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். அம்மாவிடம் பீடி அட்டை இருந்தது, ஆதாருக்கும் பேங்க் கணக்குக்கும் தொடர்பில்லை. பேங்க், இ-சேவை மையம், திரும்பவும் பேங்க். அலைந்த செலவு சில நூறு ரூபாய்தான். வகுப்பாசிரியர் கையிலிருந்து போட்டார். எந்த மானியத் தலைப்பிலும் அதை எழுத இடமில்லை.

பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை, பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரும் செலவுக்கென்றே, மேலாண்மைக் குழுவின் கையில் கொடுக்கலாம். பஸ் காசு, சான்றிதழ்ச் செலவு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் உறுப்பினருக்கு ஒரு படித்தொகை. தணிக்கையில் கேள்வி வரும் என்பார்கள். வரட்டுமே, திரும்பி வந்த பிள்ளையின் வருகைப் பதிவைக் காட்டலாம்.

எல்லா இடைநிற்றலும் காசால் தீராது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வெட்டுப்பட்ட மாணவன், கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லையால் அதற்கு முன்பே பள்ளிக்குப் போகாமல் இருந்தவன். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும் நீதிபதி சந்துரு குழு அமைந்ததே அதற்குப் பிறகுதான். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள் என்பதும் இங்கே முக்கியம். குழுவில் எல்லாத் தெருப் பெற்றோரும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த கூட்டத்தில் தொடர்ந்து வராதவர்களின் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போகிறவர் பெயரும் தேதியும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இடைநிற்றலைத் தடுக்கவென்றே மாநில அரசு முறையே 1,500, 1,500, 2,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை தருகிறது. இதைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோரை நான் இன்னும் பார்க்கிறேன். விவரம் வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417க்குப் போன் செய்யலாம்.