வீடின்மை: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘ஹோம்லெஸ்னெஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. லண்டனிலோ நியூயோர்க்கிலோ நகர நிர்வாகம் அதைத் தடுக்க, முடிவுக்குக் கொண்டுவர என்று ஏதாவது திட்டம் அறிவித்தால், நம்மவர்கள் ‘வீடற்றோர் பிரச்சினை’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். வறுமை ஒழிப்பு, மலேரியா ஒழிப்பு என்று எழுதிப் பழகிய கை சில வேளை ‘வீடற்றோர் ஒழிப்பு’ என்றும் வழுக்கிவிடும். வறுமையும் மலேரியாவும் ஆட்கள் இல்லை. வீடற்றோர் ஆட்கள். ஒழிய வேண்டியது அவர்கள் இருக்கும் நிலைதான். அந்த நிலைக்குத் தனிப் பெயர் இல்லாததால்தான் இந்த வழுக்கல். ‘வீடின்மை’ என்பது அதற்குப் பொருத்தமான சொல். கல்லாமை, வறியோர் படும் இன்மை என்று நிலைகளுக்குப் பெயர் வைத்த மொழிக்கு இது ஒன்றும் புதிய வார்ப்பு இல்லை. ‘வீடற்ற நிலை’ என்றாலும் பிழை இல்லை, கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

முதலில் ‘வீடு’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கெடு என்பதிலிருந்து கேடு, சுடு என்பதிலிருந்து சூடு வந்ததுபோல, விடு என்பதிலிருந்து வீடு வந்தது. முதல் எழுத்து நீண்டு பெயர்ச்சொல் ஆகிவிடும் வகை. ஆகவே வீட்டின் அடிப்பொருள் விடுதல், விடுதலை. அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசையாகச் சொல்லும்போது நான்காவதாக வருவது மோட்சம், கல்வீடு இல்லை. நம் திருகோணமலைக் கோணேசர் கோயிலில் பதிகம் பாடுகிற ஒருவரிடம் போய் ‘வீடற்றோர்’ என்றால், முத்தி கிடைக்காதவர் என்று அவர் எடுத்துக்கொண்டாலும் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ‘விடுதி’யும் இதே வேரில் பிறந்ததுதான். பழைய பாடல்களில் குடியிருக்கும் இடத்துக்கு இல், மனை, உறையுள் என்பவைதான் அதிகம். ‘இல்’ அழகான சொல், ஆனால் அதற்கு ‘இல்லை’ என்றும் பொருள் இருப்பதால் ‘இல்லிலி’ என்று ஆக்கினால் எந்த வாயிலும் நிற்காது.

ஆங்கிலச் சொல்லின் முதல் பாதி, பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’. வீடு என்றும் ஊர் என்றும் அதற்குப் பொருள். பர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் என்ற ஊர்ப் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பது அதுவே. நம்மிடம் இந்த வேலையைச் செய்த சொல் ‘குடி’. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று கிழக்குக் கரை முழுக்க அது கிடக்கிறது. குடும்பம், வீடு, ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அப்படியானால் ‘குடியின்மை’ என்று வைக்கலாமே என்றால், கேட்கிறவர் மதுவிலக்கு என்று நினைப்பார். ‘குடியேற்றம்’ பக்கம் போனாலோ, கந்தளாய், அல்லை என்று அரச குடியேற்றத் திட்டங்கள் வந்த திருகோணமலையில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் ஏறிப் பல காலம் ஆகிறது.

இனிப் பின்பாதி. அற்ற, இல்லாத, இலி: மூன்றுக்கும் இன்றைய வழக்கில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் ‘அற்ற’ என்பது அறுதல் என்ற வினையிலிருந்து வருவது. கயிறு அறுந்ததுபோல, இருந்தது துண்டித்துப் போன நிலை. ‘வீடிலி’ என்பதில் அந்தச் சம்பவம் இல்லை, பிறவிக் குணம்போல ஒலிக்கிறது. அறிவிலி மாதிரி. ஆட்களைக் குறிக்க ‘வீடற்றோர்’ என்பதையே நான் தேர்வேன். வீடு போவது ஒரு நிகழ்வு. ஒரு நாளில், ஒரு காரணத்தால் நடப்பது. தடுக்கலாம் என்ற பேச்சுக்கே அப்போதுதான் இடம் வருகிறது.

சரி, திருகோணமலையில் ‘வீடற்றோர்’ என்றால் யார்? இங்கேதான் சொல் குழம்புகிறது.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 இல் சண்டையில் சனம் ஊரை விட்டு எழும்பியது. 2007 இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி போன்ற இடங்களின் நலன்புரி முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் வருடக் கணக்காக இருந்தவர்களுக்கு ஊரில் காணி இருந்தது, பலரிடம் அதன் உறுதிப் பத்திரமும் இருந்தது, உள்ளே போகத்தான் முடியாது. அரச பதிவில் அவர்கள் ‘இடம்பெயர்ந்தோர்’. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு கடற்படை முகாம் இருந்த நிலமும் வந்தது. திரும்பியவர்கள் ‘மீள்குடியேறியோர்’ ஆனார்கள். போய்ப் பார்த்தால் வளவு பற்றைக்காடு, வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுத்திட்டப் பட்டியலில் ‘வீடற்றோர்’ என்று பெயர் வருகிறது. ஒரே குடும்பத்தின் மேல் பத்து வருடத்தில் மூன்று சொற்கள் ஏறி இறங்கின. சொல்லுக்குத் தக்கபடி கிடைக்கும் உதவியும் மாறியது: முதலாவதுக்கு நிவாரணம், இரண்டாவதுக்குக் கூரைத் தகரம், மூன்றாவதுக்குத் தவணை தவணையாக வரும் வீட்டுக் காசு.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இன்னொரு வகை பார்த்தோம். வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்றது அரசு. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர்தான். பின்னர் விதி தளர்ந்தது. அதுவரை கரையோரக் கடற்றொழிலாளி தன் காணியிலேயே, தன் வீட்டுக் கற்குவியலின் மேலேயே நின்றுகொண்டு வீடற்றவராக இருந்தார்.

ஆகவே நம்மூர்ப் பிரதேச செயலகத்தில் ‘வீடற்றோர்’ என்றால் பெரும்பாலும் நிரந்தர வீடு இல்லாதவர் என்று பொருள். கொட்டிலில் இருக்கலாம், தாய் வீட்டில் ஒதுங்கியிருக்கலாம், காணி மட்டும் இருக்கலாம். காணியும் இல்லாவிட்டால் அவர் ‘காணியற்றோர்’, அது வேறு பட்டியல். வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள் என்று வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா தவணையாகக் கொடுத்து, பயனாளியே கட்ட வேண்டும் என்ற முறை. நல்ல முறைதான். ஆனால் கட்டுவதற்குக் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும். நிலமே இல்லாதவருக்கு வீடற்றோர் என்ற தகுதிகூடக் கிடைப்பது கஷ்டம்.

கிழக்கில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனம். தாய் தகப்பன் வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வீடு போனால் ஒரு குடும்பத்தின் கூரை மட்டும் போவதில்லை, பெண்பிள்ளையின் கலியாணமும் தள்ளிப் போகிறது. மனைவியோடு கோபித்துக்கொண்டு வெளியேறுகிற ஆணுக்கு, எழுத்தில் பார்த்தால், ஒரு நாளும் வீடு இருந்ததே இல்லை.

பஸ் நிலையத்திலும் கடை விறாந்தையிலும் படுக்கிறவரை நம் பத்திரிகைகள் ‘யாசகர்’ என்கின்றன. அவர் கூலிக்கு மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் யாசகர்தான். கிராம அலுவலர் பிரிவில் பதிவு இல்லாததால் வீடற்றோர் பட்டியலில் அவர் வரமாட்டார். ஆங்கிலேயர் 1841 இல் இலங்கையில் கொண்டுவந்த, அலைந்து திரிகிறவர்களைப் பிடிக்கும் கட்டளைச் சட்டத்தின் கண்ணில் அவர் பிடிக்கப்பட வேண்டிய ஆளாகத் தெரிந்தார். ‘நாடோடி’ என்று அவரை எழுதுவது இந்தச் சட்டத்தின் பார்வையைத் தமிழில் பிரதி எடுப்பது. நாடோடி ஒரு வாழ்க்கை முறை, வீடின்மை அப்படி இல்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது இல்லை. ஐரோப்பாவில் வீடின்மைக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பு 2005 இல் நான்கு வகையாகப் பிரித்து ஒரு வகைப்பாடு வெளியிட்டது: கூரையற்றோர், வீடற்றோர், உறுதியில்லாத வீட்டில் இருப்போர், வாழத் தகாத வீட்டில் இருப்போர். மூன்றாவதை வாசித்தால் திருகோணமலைக்காரருக்குச் சிரிப்பு வரும். நிலைப்பு இல்லாத வீடு என்ற பொருளில் சொல்கிறார்கள். நமக்கு ‘உறுதி’ என்றால் காணி உறுதிப் பத்திரம். இரண்டு அர்த்தத்திலும் அந்த வரி இங்கே சரியாகப் பொருந்துகிறது. பின்லாந்து எடுக்கும் கணக்கில் நண்பர், உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவரும் வீடற்றவரே, அங்கே பெரிய தொகையும் அவர்கள்தான். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் எத்தனை சித்தி வீடுகளில், பெரியம்மா வீடுகளில் ஆள் எண்ண வேண்டிவரும்!

பெரிய நகரங்களின் முயற்சிகளைத் தமிழில் சொல்ல, மறந்துபோன இரண்டு சொற்கள் உதவும். குறள் 340 இல் வருபவை: ‘புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு.’ துச்சில் என்பது ஒதுக்கிடம், கொஞ்ச நேரம் தலைசாய்க்கும் இடம். புக்கில் என்பது புகுந்தால் நிலையாக இருக்கும் வீடு. வள்ளுவர் உயிரைப் பற்றிச் சொன்னார். நகராட்சிகள் நூற்றாண்டுக் கணக்கில் துச்சிலைத்தான் கட்டின. நியூயோர்க்கில் ஒரு வழக்கின் பலனாக 1981 முதல் இரவு தங்க இடம் கேட்பது உரிமையானது. பெரிய வெற்றி, ஆனால் உரிமை படுக்கைக்குத்தான். அதே நகரில் 1992 இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம் தலைகீழாகப் போனது. குடியை விடு, மருந்து எடு, ஒழுங்காக இரு, பிறகு வீடு பார்ப்போம் என்ற படிவரிசையைத் தூக்கி எறிந்தது. முதலில் சாவி, மற்றதெல்லாம் அப்புறம். பின்லாந்து 2008 இல் இதைத் தேசியத் திட்டமாக எடுத்தது. ஹெல்சிங்கியில் வரிசைக் கட்டில் போட்ட விடுதிகள் வாடகை ஒப்பந்தம் உள்ள தனி வீடுகளாக மாறின. துச்சில் புக்கில் ஆனது என்று ஒரே வரியில் சொல்லலாம். ‘காப்பகம்’ என்ற பொதுச் சொல்லை இரண்டுக்கும் போட்டால் இந்த வேறுபாடு முழுக்க மறைந்துவிடும்.

தடுத்தல் என்பது இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தின் 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு இழக்கக்கூடிய ஒருவர் வந்து சொன்னால், உள்ளூராட்சி அப்போதே தலையிட வேண்டும். பெட்டி படுக்கை தெருவுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவருக்குத் தமிழில் சொல் இல்லை என்று நினைக்க வேண்டாம். ‘வீட்டுக்காரன் எழும்பச் சொல்லிட்டான், போக்கிடம் இல்ல’ என்று நம் சனம் சொல்வது அதைத்தான். போக்கிடம் என்ற இந்தப் பேச்சுச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ‘அகதி’ என்ற வடசொல்லும் உள்ளே இதையேதான் வைத்திருக்கிறது: கதி, அதாவது போகும் வழி, இல்லாதவர். ஆனால் அகதி எல்லை தாண்டியவருக்கென்று ஒதுங்கிவிட்டது. ஏதிலி என்பதையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அது அயலாரைக் குறித்த ஏதிலார் என்பதன் வழியே வந்தது, வீட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

வீடின்மையை உலக மேடையில் ஏற்றியதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போதைய பிரதமர் ஆர். பிரேமதாச 1980 இல் ஐ.நா. பொதுச் சபையில் முன்வைத்த யோசனையிலிருந்துதான் 1987, வீடற்றோருக்கு உறைவிடம் தரும் சர்வதேச ஆண்டாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் ஒரு இலட்சம் வீடுகள், பிறகு பத்து இலட்சம் வீடுகள் என்று திட்டங்கள் ஓடின. அந்த ஆண்டுகளிலேயே வடக்கு, கிழக்கில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எழுதும்போது, நிலையைச் சொல்ல வீடின்மை, ஆட்களைச் சொல்ல வீடற்றோர், வெளியில் படுப்பவரைத் தெருவில் உறங்குவோர் என்று பிரித்துக்கொள்ளலாம். செம்பெரிஸ் தொடங்கிய முறையைச் சிலர் ‘வீடு முதல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அப்படி எழுதினால் வாசிப்பவர் ‘வீடு முதல் எதுவரை?’ என்று அடுத்த சொல்லைத் தேடுவார். ‘முதலில் வீடு’ போதும்.