ரவுட்டரின் மறதியும் பிரிண்டரின் 137ம்

"பவர் கட் ஆகி ரவுட்டர் மறுபடி ஆன் ஆனாலும் என் பிரிண்டருக்கு அதே பழைய ஐபி முகவரி 192.168.1.137தான் வருகிறது. நான் எதையும் செட் பண்ணவில்லையே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விஷயம் என்னவென்றால், கரண்ட் திரும்பிய நிமிடத்தில் பல ரவுட்டர்களுக்கு அப்படி ஒரு பிரிண்டர் இருந்ததே தெரியாது.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். புதிதாக வரும் கருவி, "யாராவது ஒரு முகவரி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கூவும். ரவுட்டர் ஒன்றை நீட்டும். "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கருவி சொல்ல, ரவுட்டர் உறுதி செய்யும். இதுதான் டிஎச்சிபி. இன்றும் புழங்கும் விதிகளை ரால்ஃப் டிராம்ஸ் 1997இல் ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணத்தில் எழுதிவைத்தார். கிடைக்கும் முகவரி சொந்தமல்ல, குத்தகைதான். 12 மணி நேரக் குத்தகை என்றால், 6 மணி நேரம் ஆனதுமே கருவி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும்.

இந்தக் குத்தகைக் கணக்கை ரவுட்டருக்குள் யார் எழுதுவது? ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரல். சைமன் கெல்லி என்பவர் எழுதி, பல வருடங்களாகப் பராமரித்துவரும் இலவச மென்பொருள். கணக்கில் கருவிக்கு ஒரு வரி: குத்தகை முடியும் நேரம், மேக் முகவரி (கருவியோடே வரும் அடையாள எண்), ஐபி முகவரி, கருவியின் பெயர். ஆனால் அந்தக் கோப்பு இருப்பது ரேமில். கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் மெமரியில் ஓயாமல் எழுதினால் அது தேய்ந்துபோகும் என்பதால் இந்த ஏற்பாடு. கரண்ட் போனால் கணக்கும் போச்சு.

அப்படியும் 137 வருகிறதென்றால், முதல் காரணம் ஒரு கணக்கு வித்தை. டிஎன்எஸ்மாஸ்க் முகவரிகளை வரிசையாகக் கொடுப்பதில்லை. பிரிண்டரின் மேக் முகவரியில் உள்ள 6 பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை வந்த விடையை 65599ஆல் பெருக்கி, அந்தப் பைட்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் வரும் பெரிய எண்ணை, கையிலுள்ள முகவரிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் இயல்பு அமைப்பில் 100 முதல் 249 வரை 150 முகவரிகள். மீதி 37 வந்தால், 100 கூட்டி 137. மேக் முகவரி மாறாதவரை மீதியும் மாறாது. அந்த இடத்தில் வேறு கருவி உட்கார்ந்திருந்தால் மட்டும் அடுத்த எண்ணுக்கு நகரும். எதையும் நினைவில் வைக்காமலே அதே பதிலுக்கு வந்து சேருவது எனக்கு அலுக்காத அழகு.

இரண்டாவது காரணம் இதைவிட சுவாரசியம். முன்பு ஒரு முகவரி வைத்திருந்த கருவி, திரும்பி வரும்போது முதலிலிருந்து கூவ வேண்டியதில்லை, "என்னுடையது 137, அதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேட்கலாம். பதிவே இல்லாத கருவி இப்படிக் கேட்டால் சர்வர் (முகவரி கொடுக்கும் நிரல்) வாய் திறக்கக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 2131. பதிவு வேறொரு சர்வரிடம் இருக்கலாமே! பதில் வராத கருவி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் புதிதாகத் தொடங்கும். வீட்டிலோ ஒரே சர்வர்தான். அதனால் "இங்கே நான்தான் பொறுப்பு" என்று டிஎன்எஸ்மாஸ்க்குக்குச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், கேட்கும் எண் காலியாக இருக்கும் பட்சத்தில் சரி என்று சொல்லிக் கணக்கில் எழுதிக்கொள்ளும். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் நோட்டைத் தொலைத்துவிட்டு, வருகிறவர்களின் டோக்கனைப் பார்த்தே மறுபடி எழுதிக்கொள்வது மாதிரி. கொஞ்ச நேரத்தில் பழைய கணக்கு முழுக்கத் திரும்பிவிடும்.

ஒரு சிக்கல் பாக்கி. பிரிண்டர் ஒரு ஸ்விட்ச் வழியாக வயரில் இருக்கிறது, ரவுட்டரை மட்டும் அணைத்துப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பிரிண்டருக்கு எதுவும் தெரியாது. குத்தகையில் பாதி நேரம் ஆகும்வரை எதுவும் கேட்காமல் 137இலேயே இருக்கும். அந்த நேரத்தில் விருந்தாளியின் போனுக்கும் மீதி 37 வந்துவிட்டால்? அதற்காகத்தான் டிஎன்எஸ்மாஸ்க் 137ஐ நீட்டுவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு பிங், அதாவது "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்ற சின்னச் செய்தி, அனுப்பிப் பார்க்கிறது. பதில் வந்தால் வேறு எண்.

இத்தனை வீடுகள் சார்ந்திருக்கும் நிரலுக்கு, அதன் பேரைக்கூடச் சொல்லாமல் அதை வைத்து விற்கும் ரவுட்டர் கம்பெனிகள் கொஞ்சம் பணமாவது கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகருக்கு: 137 கண்டிப்பாக வேண்டுமென்றால் ரவுட்டரின் செட்டிங்கில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பதிவு ஃபிளாஷில் போய் உட்காரும், கரண்ட் போனாலும் அழியாது. அப்படிச் செய்தால் நெட் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்; எலுமிச்சம்பழம் கட்டினாலும் அதே வேகம்தான்.