பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதுமா?

"மேடம், பி.எட். சேரணும். தினமும் வரணுமா?"

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்க்கும் எனக்குச் சேர்க்கை நேரத்தில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வரணும் என்றால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "வேற ஒரு காலேஜ்ல பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்னாங்களே" என்பார்கள்.

கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பலர் ஏற்கெனவே சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் பாடம் எடுப்பவர்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களும் உண்டு. இரண்டு வருடம் வருமானமில்லாமல் கல்லூரிக்கு வருவது அவர்களுக்கு லேசான காரியமா? ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால்தான் ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டு ஆனது. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என மொத்தம் 20 வாரம் பள்ளியில்தான் இருக்க வேண்டும். தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலை வழியை இதே விதிகள் அனுமதிக்கின்றன. 'வராமலே ரெகுலர்' என்று ஒரு வழி எந்த விதியிலும் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால், உங்கள் வருகைப் பதிவேட்டில் வேறு யாரோ பொய் எழுதப்போகிறார்கள் என்று அர்த்தம்.

வருகையோடு இது முடிவதில்லை, பள்ளியில் எடுத்த பாடங்களை எழுதிக் காட்ட வேண்டிய ரெக்கார்டும் இருக்கிறது. ஒருமுறை செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். மேசை நிறைய ரெக்கார்டு நோட்டுகள், பிரவுன் அட்டை, வெல்வெட் பேப்பரில் தலைப்பு, பார்க்க அழகாகத்தான் இருந்தன. மூன்றாவது நோட்டைப் புரட்டும்போது 'சுற்றலவு' என்று ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. முன்பே பார்த்த மாதிரி இருக்கிறதே என்று முதல் இரண்டையும் மறுபடி எடுத்தேன். அதே பாடம், அதே வரி, அதே 'சுற்றலவு'. ஐந்து நோட்டில் அப்படி இருந்தது, கையெழுத்தும் ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அதில் ஒரு நோட்டுக்குரிய பெண்ணிடம், "வகுப்பில் எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டேன். நாற்பது என்றார். நோட்டிலும் நாற்பதுதான். எந்தப் பள்ளி என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

எனவே ஒரு கல்லூரியில் சேருமுன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கட்டணத்தைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், கல்லூரியிலிருந்து யார் வந்து எத்தனை முறை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வருபவர்களை லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளவும், கணினியில் மாணவர் விவரம் ஏற்றவும் பயன்படுத்துகிறீர்கள். ஆள் பற்றாக்குறை புரிகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு பீரியடாவது வழிகாட்டி ஆசிரியர் கூடவே உட்கார்ந்து பார்த்தால் நல்லது.

கூட உட்கார்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். போன வருடம் என் மாணவி ஒருவர் ஏழாம் வகுப்பில் தசம எண்கள் எடுத்தார். பயிற்சியில் முதல் வாரம். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டார். முன்வரிசைப் பையன், "0.35 டீச்சர்" என்றான். "தப்பு, உட்காரு. அடுத்து?" பக்கத்திலிருந்த பெண் சரியாகச் சொல்ல, "வெரி குட்", கைதட்டல், அடுத்த கணக்கு.

வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்து, "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்டேன். "கவனிக்கலை மேடம்." உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம், அதாவது துணையிருந்தால் பிள்ளை எட்டக்கூடிய எல்லை, பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்தான் இவர். அவர்மேல் தப்பில்லை. பிள்ளை சொன்ன தவறான பதிலுக்குள் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடிப் போகணும் என்பது வகுப்பறையில் நின்றால்தான் பழகும்.

மறுநாள் அவர் அந்தப் பையனிடமே கேட்டார். "முப்பத்தஞ்சு நாலைவிடப் பெருசுதானே டீச்சர்?" முழு எண்ணுக்குச் சரியாக வேலை செய்த விதியை அவன் புள்ளிக்குப் பின்னாலும் கொண்டுவந்திருக்கிறான். நன்றாக யோசித்துத்தான் தவறு செய்திருக்கிறான்.

உடனே இவர், "0.4 ரூபாய்னா 40 பைசா" என்று ஆரம்பித்தார். எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும். பையன் விழித்தான். "பைசான்னா என்ன டீச்சர்?" பாவம், கடையில் பைசா கொடுத்து அவன் எதை வாங்கியிருக்கப் போகிறான்? எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பு அத்தோடு கைவிட்டது.

அவன் அம்மா தையல் வேலை பார்ப்பவர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. அடுத்த நாள் இவர் ஒரு தையல் டேப்பும் நூல்கண்டும் கொண்டுபோனார். 0.35 மீட்டர் ஒரு துண்டு, 0.4 மீட்டர் ஒரு துண்டு. வெட்டியது அந்தப் பையன்தான். டேப்பில் 35 சென்டிமீட்டர், 40 சென்டிமீட்டர் என்று விரலை வைத்துப் பார்த்தான். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பின்பெஞ்சில் நானும் பேசாமல் இருந்தேன்.

"அப்ப நாலுக்குப் பின்னாடி பூஜ்யம் போட்டாலும் நீளம் மாறாதா டீச்சர்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு இவருடைய குறிப்பில் எந்த வரியும் இல்லை. என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வகுப்பைப் பார்த்து, "யாராவது சொல்லுங்க, மாறுமா?" என்றார். நாலைந்து கை மேலே போனது. பெல் அடித்தும் யாரும் கையை இறக்கவில்லை.