உண்ணிச்செடியின் நஞ்சும் நீர்வண்டின் நஞ்சும்

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள் உண்ணிச்செடியை ஒதுக்கிவிடுவதில் நியாயம் இருக்கிறது. அதன் இலையிலுள்ள லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தை முடக்கிவிடும். புல்லின் பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஃபைலோஎரித்ரின் என்ற கழிவு வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறும். அந்த வழி அடைபட்டால் இரத்தத்தில் தேங்கித் தோலுக்கு வந்து சேர்கிறது. அங்கே வெயில் பட்டதும் மூக்கும் மயிரற்ற இடங்களும் வெந்து புண்ணாகின்றன. இலையைத் தின்ற மாட்டை முதலில் நிழலில் கட்டச் சொல்வது இதனால்தான்.

ஓடையோரக் குட்டைகளில் மூழ்கித் திரியும் நீர்வண்டுக் குடும்பத்திடமும் நஞ்சு உண்டு. இதை விரிவாக ஆராய்ந்தது ஐரோப்பாவிலும் வாழும் டிட்டிஸ்கஸ் பேரினத்தில். தலைக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளிலிருந்து பால்போல் கசியும் நீரில் டிஆக்சிகார்ட்டிகோஸ்டீரோன் இருக்கிறது. நம் அட்ரினல் சுரப்பியும் சுரக்கும் அதே ஹார்மோன்! உடலின் உப்புச் சமநிலையைப் பேணும் இப்பொருள் அளவுமீறி வாயில் இறங்கினால், விழுங்கிய மீன் வண்டைக் கக்கிவிடும்.

இரண்டு நஞ்சுகளும் வேதியியலில் தூரத்து உறவு. ஆனால் செடி ஸ்குவாலீன் என்ற மூலப்பொருளையும் தானே ஆக்கி, அதிலிருந்து லாண்டடீனைச் செய்துகொள்கிறது. பூச்சிகளுக்கோ அந்த ஹார்மோனுக்கு மூலமான கொலஸ்ட்ராலை உண்டாக்கும் திறனே கிடையாது. இரையிடமிருந்து பெற்றதைத்தான் வண்டு ஹார்மோனாக மாற்றுகிறது. இரை குறைந்தால் வயிறு மட்டுமல்ல, ஆயுதக் கிடங்கும் காலி என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 1826-இல் இலங்கைக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. காடழித்துத் தேயிலை நட்டபோது அது விரும்பும் வெளிச்சமும் கிடைத்தது. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். பழுத்த கனியைத் தின்னும் குருவிகள் விதையைப் பரப்பிவிடும்.

டிட்டிஸ்கஸ் லட்டிசிமஸ் கதை வேறு. சுமார் நான்கு சென்டிமீட்டர் வளரும் இந்த ஐரோப்பிய வண்டு, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இருக்கிறது. இதன் புழு பெரும்பாலும் கூடுகட்டும் காடிஸ் பூச்சியின் புழுக்களையே தின்னும். அவை போனால் இதற்கும் பட்டினி. நீர் மாசுபடுவதையும் குட்டை தூர்க்கப்படுவதையும் எந்தச் சுரப்பியும் தடுக்காது.

மலையக நீர்வண்டுகளின் புழுக்களுக்கும் தண்ணீர் மட்டும் போதாது. வளர்ந்த புழு கரையேறி, ஈரமண்ணைக் குடைந்து, அதற்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் கான்களில் பூச்சிமருந்து கலக்காமல் இருந்தாலும், இரு கரைக்கும் கொங்கிரீட் போட்டுவிட்டால் புழுவுக்குக் குடைய மண் இல்லை.