12 குளிசையும் சித்தியின் தூக்கமும்

விடியப்புறம் 3 மணிக்குக் கேற் திறக்கிற சத்தம் கேட்டு எழும்பினேன். வெளியே சித்தி, கையில் சோற்றுப் பானையோடு நிற்கிறா. திருகோணமலை டவுனில் இரவில் மான்கள் வீதியில் திரிவது எங்களுக்குப் புதுசில்லை, பழத்தோல் போடுவோம், மீந்த சோறு போடுவோம். ஆனால் சித்தி அடுத்த நாளைக்கும் சேர்த்து வடித்த முழுப் பானையையும் நிலத்தில் கொட்டியிருந்தா. "சத்தம் போடாதை தம்பி, இதுகள் சும்மா வரேல்லை. என்னை வேவு பாக்க அனுப்பியிருக்கினம்" என்று காதுக்குள் சொன்னா. 58 வயது வரைக்கும் ஒரு நாளும் இப்படிப் பேசாத மனுசி.

அன்று அவ பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கி 8ஆம் நாள். அந்தக் கணக்கை நாங்கள் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. கோயிலில் நூல் கட்டினோம், தேசிக்காய் வெட்டினோம், சித்தப்பா இறந்த கவலை இப்போதுதான் வெளியே வருகிறது என்று பெரியம்மா சொன்னா. குளிசைப் பையை எடுத்துப் பார்க்க இன்னும் 3 நாள் போனது.

சித்திக்குப் பெம்பிகஸ் என்ற வருத்தம். தோலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிற பசையை, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்துத் தாக்கும். வாய்க்குள் கொப்புளம், முதுகில் கொப்புளம், கஞ்சி குடித்தாலும் எரிவு. இதை அடக்க ஸ்டீரொயிட்தான் முதல் மருந்து, அதுவும் கூடின அளவில். சித்திக்கு நாளுக்கு 60 மில்லிகிராம். 5 மில்லிகிராம் குளிசைகளாகத் தந்ததால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளங்கையில் 12 குளிசையை எண்ணிப் போடுவா.

அந்த 12 என்ற எண்ணில்தான் விசயம் இருக்கிறது. எங்கள் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன, அட்ரினல் என்று பெயர். அவை கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கின்றன. நடுச்சாமத்தில் அது மிகக் குறைவு, விடியும் நேரத்தில் உச்சம், எங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாளுக்குத் தயாராக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. ஒரு நாள் முழுக்க உடல் சுரக்கிற கோர்ட்டிசோலின் பலம், ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனின் பலத்துக்குச் சமம். அதாவது ஒரு குளிசை ஒரு நாள். சித்தி ஒவ்வொரு காலையும் 12 நாளுக்குரியதை ஒரே மிடறில் விழுங்கிக்கொண்டிருந்தா.

இது தோலுக்கு மட்டும் போய் நின்றுவிடுகிற மருந்தும் இல்லை. செல்லின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே அதைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டி, செல்லின் கருவுக்குள் நுழைந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. மூளையில் இந்த ஏற்பிகள் நிறைய உண்டு, முக்கியமாக ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸிலும், பயத்தை உணர்கிற அமிக்டலாவிலும், யோசித்து முடிவெடுக்கிற, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியிலும். அவற்றில் ஒரு வகை சாதாரண நேரத்தில் பெரும்பாலும் காலியாக இருக்கும், விடியல் உச்சத்திலோ ஆபத்து வரும்போதோதான் நிரம்பும். 60 மில்லிகிராமில் அது நிரம்பியபடியே இருக்கிறது. ஆபத்து மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும் மூளைக்கு, வீதியில் நிற்கிற மானும் ஒற்றனாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை ஏற்றினார், சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு. மனநிலை மாற்றங்கள் பற்றிய தகவல்களும் அதன் பின்னாலேயே வரத் தொடங்கின. 1972இல் பொஸ்டனில் வெளியான ஓர் ஆய்வில், இதே வகை ஸ்டீரொயிட்டான பிரெட்னிசோன் எடுத்த 718 நோயாளிகளைக் கவனித்தார்கள். நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு, 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6 சதவீதம், 80க்கு மேல் 18.4 சதவீதம். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. முன்பு மனநோய் வந்தவருக்குத்தான் வரும் என்றும் இல்லை. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும்.

என்னை இன்றைக்கும் உறுத்துகிற விசயம் ஒன்று. தொடக்கம் நோய் மாதிரியே இருக்கவில்லை. 3ஆம் நாள் சித்தியின் வாய்ப்புண் ஆறத் தொடங்கியது, பாட்டு முணுமுணுத்தா, இரவு 2 மணிக்குக் குசினியில் எல்லாச் சட்டியையும் இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தா. மருந்து நல்லாய்ப் பிடிக்கிறது என்று சந்தோசப்பட்டோம். தூக்கம் குறைந்ததும் பேச்சு கூடினதும்தான் முதல் அறிகுறி, அதைக் கொண்டாடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

11ஆம் நாள் கிளினிக் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போனபோது வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை நாளாய் நித்திரை இல்லை?" என்பதுதான்.

கிளினிக்குக் கிளம்ப முதல் மாமா ஒருவர், குளிசையை எல்லாம் கடலில் எறியுங்கோ என்றார். நல்ல காலம், எறியவில்லை. வெளியிலிருந்து இவ்வளவு ஸ்டீரொயிட் வந்தால் மூளை, அட்ரினலுக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடும், சுரப்பி உறங்கிப்போகும். 40 மில்லிகிராமுக்கு மேல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, குறைந்த அளவையே மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தாலோ சட்டென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே ஆபத்தும் வரலாம். படிப்படியாகக் குறைத்தால்தான் சுரப்பி மறுபடி எழும்பும்.

சித்திக்கு அளவை மெல்லக் குறைத்தார்கள், கொப்புளம் திரும்பாமல் இருக்க அசதியோப்ரின் சேர்த்தார்கள், மனக்குழப்பத்தை அடக்க இரவில் ஓலன்சபின் சிறிய அளவில். இரண்டரை வாரத்தில் நித்திரை திரும்பியது.

அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் கற்றது கொஞ்சம். மான் ஒற்றன் இல்லை என்று வாதாடினால் சித்திக்கு நாங்களும் எதிரியாகிவிடுவோம், அதனால் "பயமாய் இருக்குதா சித்தி, நான் பக்கத்திலை இருக்கிறன்" என்று மட்டும் சொல்வோம். ஒருவர்தான் பேசுவது, மற்றவர்கள் அறைக்கு வெளியே. மருந்து எங்கள் கையில். கேற் திறப்பும் வங்கிப் புத்தகமும் அலுமாரிக்குள், ஏனென்றால் அந்த நிலையில் காசையும் அள்ளிக் கொடுப்பா. இரவில் முறை வைத்து ஒருவர் விழித்திருப்பது. சாகப்போகிறேன் என்றோ, யாரையாவது அடிக்கவோ தொடங்கினால் காத்திருக்கவே கூடாது, 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். பேசி மனநல ஆலோசனை கேட்க 1926 இருக்கிறது. இரண்டும் இலங்கை எண்கள்.

இப்போது சித்தியின் கிளினிக் கொப்பி முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம்: 60 மில்லிகிராம் பிரெட்னிசலோனில் 8ஆம் நாள் மனநிலை குழம்பியது. எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறா. சோறு கொட்டியது அவவுக்கு அரைகுறையாக ஞாபகம். அடுத்த நாள் காலையில் யார் அதைக் கூட்டி அள்ளியது என்று மட்டும் கேட்டா. நான்தான் என்றேன்.